எம்.எஸ். நோயில் 'இலேசான வகை' என்று ஒன்று உண்டா?

உங்கள் தங்கைக்கு 24 வயது, மூளை, முள்ளந்தண்டு வடம், கண் நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்று தெரிந்து மூன்று மாதம், "இது இலேசான வகைதான்" என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், மருந்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். நான் வைத்தியர் இல்லை. 2008 முதல் இந்த வருத்தத்தோடு வெள்ளவத்தையில் வாழ்கிறேன். எனக்கு வந்திருப்பதும் இலேசானதுதான் என்று வைத்தியர்கள் இப்போது சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல அவர்கள் 15 ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது.

நோய் தொடங்கும்போதே இலேசானது என்று பிரித்தறிய உறுதியான வழி கிடையாது. அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜான் கர்ட்ஸ்கே இந்த நோயால் வரும் இயலாமையை அளக்க 1983இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று உண்டு. 0 முதல் 10 வரை போகும். 6 என்றால் நூறு மீற்றர் நடக்க ஊன்றுகோல் வேண்டும். 15 ஆண்டுகள் கழிந்தும் 3ஐத் தாண்டாதவர்களையே பெரும்பாலும் இலேசான வகை என்கிறார்கள். பிறகு மோசமடைந்தவர்களும் அவர்களில் உண்டு.

எனக்கு இடக்கண்ணில் தொடங்கியது. கண்ணை அசைத்தால் வலித்தது. காலி வீதியில் நின்றபோது இ.போ.ச. பஸ்ஸின் சிவப்பு வலக்கண்ணுக்குச் சிவப்பாகவும் இடக்கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறமாகவும் தெரிந்தது. கண் நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை என் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே தாக்கியிருந்தது. மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஏற்றினார்கள், சில வாரங்களில் பார்வை திரும்பியது. வீட்டில் எல்லோரும் வருத்தம் போய்விட்டது என்றே நினைத்தார்கள்.

போகவில்லை. கர்ட்ஸ்கேயின் அளவுகோல் பெரிதும் நடையைப் பார்க்கிறது. களைப்பும் மறதியும் அதில் சரியாக விழுவதில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பிற்பகல் இரண்டு மணிக்கு, காலையில் நானே கூட்டிய எண்கள் யாரோ எழுதியவை போல் தோன்றும். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. "பிள்ளை, நன்றாகத்தானே நடந்து திரிகிறாய், பிறகென்ன வருத்தம்?" என்று அம்மா கேட்பார். அன்பாகத்தான் கேட்பார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் பாதி ஓய்ந்துபோனேன்.

கொழும்பில் இருப்பவர்கள் வெயிலைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சித்திரை மாதத்தில் முச்சக்கரவண்டிக்காகப் பத்து நிமிடம் நின்றால் என் இடக்கண் மங்கும். முதல் தடவை, நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று அழுதேன். உறை கழன்ற நரம்பு, உடல் சிறிது சூடேறினாலும் செய்தியைச் சரியாகக் கடத்தாது. குளிர்ந்ததும் பார்வை மீளும். ஜெர்மன் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890இலேயே இப்படியான மங்கலை எழுதிவைத்திருக்கிறார். காய்ச்சலோ சூடோ இல்லாமல் புதிய குறி ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அதைப் புதிய தாக்குதலாகச் சந்தேகிப்பார்கள். அப்போது காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

மருந்து விடயத்துக்கு வருகிறேன். எந்த மருந்து, எப்போது என்பதை நரம்பியல் நிபுணரே தீர்மானிக்க வேண்டும். வெளியே ஒரு குறியும் காட்டாமல் மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் புதிய தழும்புகள் விழலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் அவை தெரியும். ஆகவே பழைய ஸ்கேன் படங்களைப் பத்திரப்படுத்தி ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்லுங்கள். "புதிதாக ஏதாவது விழுந்திருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். நான் இரண்டு ஆண்டுகள் கேட்காமல் இருந்தேன். அந்த இடைவெளியில் இரண்டு தழும்புகள் விழுந்திருந்தன.

தங்கை களைப்பாக இருக்கிறது என்றால் விளக்கம் கேட்காதீர்கள். அன்றைய சமையலை நீங்கள் பாருங்கள், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிடுங்கள்.