பங்குகளைத் தனித்தனியாக ஏலம் விட்டால் போதுமா?

மீன்பிடிப் பங்குகளை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்குகளை, வகைவாரியாகத் தனித்தனி ஏலத்தில் விட்டால் சந்தையே அவற்றைச் சரியான ஆளிடம் சேர்த்துவிடும் என்று ப்ராஜெக்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதாதீர்கள், அங்கேதான் இடிக்கும்.

தொழிலை விட்டே விலக நினைக்கும் ஒரு படகுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் இறாலுக்கு ஒரு பங்கு, நண்டுக்கு ஒன்று, வலைமீனுக்கு ஒன்று. தனித்தனியாக விற்கப்போனால் இறால் பங்கு மட்டும் போய், மற்ற இரண்டும் தங்கிவிடலாம். அதை வைத்துக்கொண்டு தொழிலும் நடத்த முடியாது, விலகவும் முடியாது. இந்தப் பயத்திலேயே அவர் ஏலத்துப் பக்கம் வரமாட்டார். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2017-ல் நடந்த பங்குப் பரிமாற்றத்தில் இதற்கு வழி செய்திருந்தார்கள். 'எல்லாம் சேர்த்து இந்த விலை, இல்லையென்றால் எதுவும் வேண்டாம்' என்று மொத்தமாகச் சொல்லலாம், யார் விற்பது யார் வாங்குவதோடு பொருந்தும் என்று கணினி கணக்குப் போடும். ஆனால் அதில் அரசு மானியமும் இருந்தது. அதை மறைக்காமல் எழுதுங்கள், சுத்தமான சந்தை என்று பீற்றிக்கொள்ள முடியாது.

அப்புறம், பங்கு இத்தனை டன் என்றா, மொத்தம் பிடிக்கலாம் என்று அனுமதிக்கும் அளவில் இத்தனை சதவீதம் என்றா என்பதையும் பாருங்கள். நியூசிலாந்து 1986-ல் டன் கணக்கில்தான் ஆரம்பித்தது, பிடிக்கும் அளவைக் குறைக்க வேண்டுமென்றால் அரசே காசு கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும், கட்டுப்படியாகாமல் 1990-ல் சதவீதத்துக்கு மாறினார்கள். ஒருவரே எல்லாவற்றையும் வளைத்துப் போடுவார் என்ற உங்கள் இன்னொரு கவலைக்கு, அலாஸ்காவின் ஹாலிபட் மீன் திட்டத்தைப் படியுங்கள். 1995-ல் தொடங்கும்போதே ஒருவரிடம் சேரும் பங்குக்கு உச்சவரம்பு வைத்துவிட்டார்கள்.