வளரும் நாடுகளின் சூழலுக்கேற்ற புத்தாக்கக் கொள்கை என்றால் என்ன?

ஒரு நாட்டின் தண்ணீர், பணம், கைத்தொழில், பழுது பார்க்கும் வசதி இவற்றைப் பார்த்துப் புதுப் பொருளை உருவாக்குவது, அதற்கு அரசு வழிசெய்வது. அவ்வளவுதான்.

ஏன் தேவை? நம் ஊர் அடி பம்பையே பாருங்கள். 1970களின் தொடக்கம் வரை கிராமங்களில் வைத்த வார்ப்பிரும்பு பம்புகள் மேல்நாட்டில் ஒரு குடும்பத்துக்காக வடிவமைத்தவற்றின் நகல். இங்கே ஊரே வரிசையில் நின்று நாள் முழுக்க அடித்தது. வீட்டு மிக்சியைக் கல்யாணச் சமையலில் வைத்தால் எத்தனை நாள் தாங்கும்? பம்புகளும் உடைந்தன, பெண்கள் மறுபடி குடத்தோடு தூரத்துக் கிணற்றுக்கு நடந்தார்கள்.

அப்புறம் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் நன்றாக உழைத்த ஒரு பம்பை அடிப்படையாக வைத்து, இந்திய அரசும் யுனிசெஃபும் ‘இந்தியா மார்க் 2’ஐ உருவாக்கின. கைப்பிடி எஃகு, உள்ளே ஒரு சங்கிலி. சாதாரணப் பட்டறையிலேயே செய்யலாம். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் நிறுவனம் தயாரித்தது. எனக்கு முக்கியமாகப் படுவது, வடிவமைப்பை யாருக்கும் காப்புரிமையாக்காமல் பொதுவில் விட்டு, தரத்தை மட்டும் கறாராகச் சோதித்ததுதான். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அது போனது.

சூழலுக்கேற்றது என்றால் மலிவான இரண்டாந்தரச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இந்த பம்போ, தனக்கு முன் இருந்த பழைய பம்பைவிட உறுதியானது.