பழைய எக்ஸ்கவேட்டரில் சென்சாரை மாற்றியும் பிழைக் குறியீடு போகவில்லை என்றால் எங்கிருந்து சோதிக்க வேண்டும்?

நீங்கள் வாங்கியிருக்கும் பழைய எக்ஸ்கவேட்டரில் பம்ப் பிரஷர் சென்சார் பழுது என்று மானிட்டர் காட்டுகிறது, புதிய சென்சாரை மாட்டிய பிறகும் அதே குறியீடு திரும்ப வருகிறது, அடுத்து கன்ட்ரோலரை (சென்சார்களின் சிக்னலைப் படித்து இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பெட்டி) மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கன்ட்ரோலரால் சென்சாரை நேரடியாகப் பார்க்க முடியாது. தன்னுடைய கனெக்டரின் ஒரு பின்னில் (ஊசி முனையில்) வந்து சேரும் வோல்டேஜ் வரம்புக்குள் இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஆகவே சென்சார், அதன் கனெக்டர், இடையில் ஓடும் ஒயர்கள், வழியில் யாரோ போட்டிருக்கும் இணைப்புகள், எர்த், 5 வோல்ட் சப்ளை ஆகிய அனைத்தும் அந்த ஒரே குறியீட்டுக்குள் அடங்கும்.

முதலில் குறியீட்டின் பின்பகுதி எண்ணைப் பாருங்கள். ஜே 1939 என்னும் கனரக வாகனத் தகவல் தொடர்பு முறையைப் பின்பற்றும் இயந்திரங்களில் எஸ்பிஎன் எண் எதில் கோளாறு என்பதையும், எஃப்எம்ஐ எண் அது எந்த வகைக் கோளாறு என்பதையும் சொல்லும். எஃப்எம்ஐ 3 என்றால் வோல்டேஜ் வரம்புக்கு மேல், 4 என்றால் கீழ், 5 என்றால் மின்னோட்டம் குறைவு அல்லது இணைப்பு அறுந்திருக்கிறது, 2 என்றால் சிக்னல் நிலையில்லாமல் தாவுகிறது. 0 அல்லது 1 வந்தால் நிலைமையே வேறு: சிக்னல் நம்பத்தக்கதாகவே வருகிறது, ஆனால் அளக்கப்படும் அழுத்தமோ வெப்பமோ இருக்க வேண்டிய அளவை விட்டு விலகியிருக்கிறது. அந்த நிலையில் ஒயரைத் தேடுவதற்கு முன் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜை மாட்டி, மானிட்டர் காட்டும் அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். கேஜ் மாட்டுமுன் ஹைட்ராலிக் அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிடுவது கட்டாயம்.

பிரஷர் சென்சார்கள் பெரும்பாலும் மூன்று ஒயர் கொண்டவை: சப்ளை, எர்த், சிக்னல். சென்சார் கனெக்டரைக் கழற்றி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஹார்னஸ் (இயந்திரத்தின் ஒயர்க் கட்டு) பக்கத்துப் பின்களில் சப்ளைக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பாருங்கள். 5 வோல்ட்டுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உங்கள் புதிய சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும் அமைப்பில், ஏதோ ஓர் ஓரத்தில் இருக்கும் சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மற்ற எல்லாவற்றின் சப்ளையும் விழுந்துவிடும். மானிட்டரில் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு சென்சார் குறியீடுகள் வரிசையாக வருவதற்கு இதுவே வழக்கமான காரணம். அப்போது மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு, அந்தச் சப்ளையில் இருக்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பாவிட்டால் ஹார்னஸிலேயே ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சப்ளை சரியாக இருந்தால், சென்சாரை மீண்டும் மாட்டி, மெல்லிய ஊசியைக் கனெக்டரின் பின்புறமாக நுழைத்து சிக்னலை அளக்கலாம். ஒயரின் மேலுறையைக் குத்தாதீர்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் பிறகு ஈரம் இறங்கும். அழுத்தம் இல்லாதபோது சுமார் 0.5 வோல்ட்டும், முழு அழுத்தத்தில் சுமார் 4.5 வோல்ட்டும் தரும் சென்சார்களே அதிகம். இந்த இடத்தில் மாற்றுச் சென்சாரின் பாகஎண்ணையும் சரிபாருங்கள். கனெக்டரும் மரையும் அப்படியே பொருந்தினாலும் அழுத்த வரம்பு வேறாக இருந்தால், குறியீடே வராமல் தவறான அளவைக் கன்ட்ரோலர் நம்பிவிடும். அது குறியீடு வருவதைவிட மோசம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை மல்டிமீட்டரே இல்லாமல் செய்வது. சென்சாரைக் கழற்றியதும் குறியீடு மாறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஹார்னஸ் பக்கத்தில் சிக்னல் பின்னையும் எர்த் பின்னையும் மட்டும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்துப் பாருங்கள். ஒரு நிலையில் உயர்ந்த வோல்டேஜ் குறியீடும் மற்றொரு நிலையில் தாழ்ந்த வோல்டேஜ் குறியீடும் வந்தால், சிக்னல் ஒயரும் கன்ட்ரோலரும் நன்றாகவே இருக்கின்றன என்று பொருள். எர்த்தோடு இணைத்தால் தாழ்ந்த வோல்டேஜ் குறியீடுதான் வரும், கழற்றிய நிலையில் எது வரும் என்பது கன்ட்ரோலரின் உள்ளமைப்பைப் பொறுத்தது. இரண்டிலும் தாழ்ந்ததே வந்தால் இந்தச் சோதனையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. வயரிங் வரைபடம் இல்லாமல் பின்களை ஊகித்து இதைச் செய்ய வேண்டாம், பேட்டரியின் 24 வோல்ட்டை எந்தக் காரணத்துக்காகவும் சிக்னல் ஒயரில் கொடுக்க வேண்டாம்.

பழைய இயந்திரத்தில் என் சந்தேகம் முதலில் செல்வது ஹார்னஸின் மீதுதான். பல கைகள் மாறி வந்த இயந்திரத்தில், தொழிற்சாலை போட்ட ஒயரிங்கைவிட இடையில் வந்தவர்கள் போட்ட ஒயரிங்தான் அதிகத் தொல்லை தருகிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், நிறம் மாறிய ஒயர், எச்சரிக்கை வராமலிருக்க சென்சாருக்குப் பதிலாகச் சொருகிய ரெசிஸ்டர் என எல்லாவற்றையும் எதிர்பார்க்க வேண்டும். பம்ப் அறையில் எண்ணெயில் ஊறிய பகுதி, பூம் (இயந்திரத்தின் பெரிய கை) அடியில் ஒயர் வளைந்து நிமிரும் இடம், கிளாம்ப் உடைந்து இரும்பில் உரசும் இடம், எலி கடிக்கக்கூடிய கேபின் பின்புறம் ஆகியவற்றை டார்ச் அடித்துக் கையால் தடவிப் பாருங்கள். கனெக்டரைத் திறந்தால் பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு, சீல் இல்லாத துளை, பின்னுக்குத் தள்ளப்பட்ட பின் ஆகியவை தெரியும்.

கன்டினியூட்டி சோதனையில் (ஒயர் அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரால் பார்ப்பது) பீப் ஒலி வந்துவிட்டதே என்று ஒயர் நல்லது என முடிவு செய்துவிடாதீர்கள். பத்து இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் எர்த் ஒயரிலும் அந்த ஒலி வரும். மின்சுற்று வேலை செய்துகொண்டிருக்கும்போதே, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே வோல்டேஜை அளந்தால் உண்மை வெளிப்படும், 0.1 வோல்ட்டைத் தாண்டினாலே அந்தப் பாதையைப் பிரித்துப் பிரித்து அளக்கத் தொடங்கலாம். விட்டு விட்டு வரும் கோளாறுக்கு, மீட்டரைப் பார்த்தபடியே ஹார்னஸை அங்குலம் அங்குலமாக அசைக்க வேண்டும், அதுவும் இயந்திரம் நன்றாகச் சூடேறிய பிறகு.

சென்சார்களோடு சேர்த்துத் தகவல் தொடர்புக் குறியீடுகளும் வந்தால், பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைனின் இரண்டு ஒயர்களுக்கும் இடையே ஓம் அளந்து பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் சுமார் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை விடுபட்டிருக்கிறது.

கன்ட்ரோலரின் பின்னிலேயே சரியான சிக்னல் வந்து சேர்வதை அளந்து, அதன் சப்ளையும் எர்த்தும் நன்றாக இருப்பதையும் உறுதிசெய்த பிறகும் குறியீடு போகாமல் இருந்தால்தான் கன்ட்ரோலரைப் பற்றி யோசிக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தின் முழுக் குறியீட்டையும், சென்சார் கனெக்டரின் மூன்று பின்களில் நீங்கள் அளந்த வோல்டேஜையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.