பெட்டியில் ‘பேட்டண்ட்’ என்று போட்டிருந்தால் வாங்குகிறவருக்கு என்ன?

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். காப்புரிமை என்ற சொல்லைத் தமிழில் கண்டுபிடிப்புக்கும் போடுகிறார்கள், பாட்டுக்கும் புத்தகத்துக்கும் போடுகிறார்கள். இங்கே பேசுவது கண்டுபிடிப்புக்குத் தரும் பேட்டண்ட் பற்றி மட்டும். பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உள்ளது பதிப்புரிமை; அது வேறு சட்டம்.

கேள்வி: பிளக்கில் சொருகினாலே மின் கட்டணம் முப்பது சதவீதம் குறையும் என்று ஒரு சின்னக் கருவி விற்கிறார்கள். ‘நாசா கண்டுபிடிப்பு, பேட்டண்ட் பெற்றது’ என்று பெட்டியிலேயே இருக்கிறது. விற்பனையாளர் ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, மீட்டர் வைத்துக் காட்டினார். கருவியைச் சொருகியதும் அளவு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கதையில் பாதி உண்மை கலந்திருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடமாக விலை போகிறது.

ஃபிராங்க் நோலா என்ற நாசா பொறியாளர் 1977-ல் ஒரு காப்புரிமை பெற்றது உண்மை. இண்டக்‌ஷன் மோட்டார் வேலையில்லாமல் சும்மா சுற்றும்போதும் முழு வோல்டேஜை வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சத்தைச் சூடாக வீணடிக்கும். வோல்டேஜ் ஏறி இறங்குவதற்கும் கரண்ட் ஏறி இறங்குவதற்கும் நடுவே ஒரு பின்னடைவு இருக்கும். அந்தப் பின்னடைவைக் கவனித்து, மோட்டாருக்குச் சுமை குறைந்தால் வோல்டேஜையும் குறைத்துக் கொடுப்பதுதான் நோலா அமைத்த சுற்று. அது குறிப்பிட்ட ஒரு மோட்டாரோடு இணைத்து வைக்க வேண்டிய சாதனம். நாளில் பெரும்பகுதி சுமையில்லாமல் சுற்றும் மோட்டாருக்குப் பயன்படும். ஒரு மூலையில் சொருகி வைத்தால் வீடு முழுவதும் மிச்சம் பிடிக்கும் என்று அந்தக் காப்புரிமையில் எங்கும் இல்லை.

இப்படி விற்கிற பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் இருப்பது ஒரு கெப்பாசிட்டரும் (மின்சாரத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்கும் சின்னப் பாகம்), வேலை நடப்பது போலத் தெரிவதற்கு ஓர் எல்இடி விளக்கும். நோலாவின் சுற்று அதில் இருக்காது.

சரி, அளவு ஏன் இறங்கியது? அவர் வைத்துக் காட்டியது ஆம்பியரை அளக்கும் மீட்டர். மோட்டார் இழுக்கும் கரண்டில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்த் திரும்பி வரும். கெப்பாசிட்டர் அந்தப் பகுதியைப் பக்கத்திலிருந்தே கொடுத்துவிடுவதால் ஆம்பியர் குறைந்து தெரிகிறது. ஆனால் வீட்டு மீட்டர் யூனிட் கணக்குப் போடுவது உண்மையில் செலவான ஆற்றலை வைத்து. போய்த் திரும்புகிற பகுதி அந்தக் கணக்கில் முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. பெரிய ஆலைகளுக்குப் பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, குறைந்தால் தனியாக அபராதம் போடுவதுண்டு. அவர்கள் கெப்பாசிட்டர் வரிசை வைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. மறுபடி அந்த விற்பனையாளரைப் பார்த்தால், ஆம்பியர் மீட்டரை எடுத்து வைத்துவிட்டு வாட் மீட்டரில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. காப்புரிமை அலுவலகம் பரிசோதனைக் கூடம் கிடையாது. இது புதியதா, அந்தத் துறையில் இருப்பவருக்குச் சட்டென்று தோன்றாததா, தொழிலில் பயன்படக்கூடியதா என்று தாள்களை வைத்துப் பார்க்கிறார்கள். பொருளை ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. ஓயாமல் தானே ஓடும் இயந்திரம் என்று யாராவது எழுதிக்கொண்டு போனால் மட்டும் அமெரிக்க அலுவலகம் மாதிரியைக் கொண்டு வா என்று கேட்கலாம். வண்டிக்கு எரிபொருள் மிச்சம் பிடிக்கும் காந்தம், காற்றுச் சுழலி போன்றவையும் இதே குடும்பம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்தது. தேறியவை மிகச் சில, அவற்றிலும் கிடைத்த மிச்சம் சொற்பம். காப்புரிமை இருந்ததா இல்லையா என்பது அங்கே எதையும் மாற்றவில்லை.

கேள்வி: காய் நறுக்கும் கருவியில் ‘உலகக் காப்புரிமை’ என்று போட்டு, டபிள்யூஓ என்று ஆரம்பிக்கும் எண் ஒன்றும் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: உலகக் காப்புரிமை என்று ஒன்று இல்லவே இல்லை. காப்புரிமை நாடு நாடாகத்தான் கிடைக்கும். டபிள்யூஓ எண் என்பது 150-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் போட்ட விண்ணப்பத்தின் எண். அதை வைத்து ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினார்களா என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

எண்ணின் கடைசி எழுத்தையும் பாருங்கள். இப்போது பெரும்பாலான அலுவலகங்களில் ஏ என்றால் வெளியிடப்பட்ட விண்ணப்பம், பி என்றால் கொடுக்கப்பட்ட காப்புரிமை. சீன எண்ணின் முடிவில் யு இருந்தால் அது பயன்பாட்டு மாதிரி. ஆழமான ஆய்வு இல்லாமல் பத்து வருடத்துக்குக் கொடுப்பது. அமெரிக்க எண் டி என்று தொடங்கினால் வெளித்தோற்றத்துக்கு மட்டும் கிடைத்த உரிமை, அதாவது கைப்பிடியின் வளைவு போன்றது. கத்தி நன்றாக வெட்டுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பேட்டண்ட் பெண்டிங்’ என்றால் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போட்டுப் பதினெட்டு மாதம் வரை பொதுவாக அது வெளியே வராது என்பதால் நீங்கள் தேடினாலும் கிடைக்காமல் போகலாம்.

தேடுவதற்குக் காசு வேண்டாம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டண்ட்ஸ்கோப், கூகுள் பேட்டண்ட்ஸ் மூன்றும் இலவசம். ஆவணத்தைத் திறந்தால் தலைப்பையும் படங்களையும் விட்டுவிட்டு நேராகக் கோரிக்கைகள் என்ற பகுதிக்குப் போங்கள். பாதுகாப்பு அங்கே எழுதியிருப்பதற்கு மட்டும்தான். தலைப்பு ‘மேம்பட்ட நறுக்கும் கருவி’ என்று பெரிதாக இருக்கும். கோரிக்கையில் பார்த்தால் மூடி கழன்று வராமல் பிடிக்கும் ஒரு கொக்கியைத்தான் சொல்லியிருப்பார்கள். கொக்கி நல்லதுதான். அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோமா என்பது உங்கள் முடிவு.

கேள்வி: பொருளின் அடியில் அச்சிட்டிருக்கும் காப்புரிமை எப்போதோ காலாவதியானது. இது மோசடி இல்லையா?

பதில்: அப்படி ஒரு பெரிய வழக்கே நடந்தது. காபிக் கோப்பை மூடிகள் செய்யும் சோலோ கப் என்ற அமெரிக்க நிறுவனம், உரிமை முடிந்த பிறகும் எண்ணை மூடியில் விட்டு வைத்திருந்தது. மூடியை வார்க்கும் அச்சிலேயே எண் பொறித்திருந்தது, அந்த அச்சை மாற்றச் செலவு. அப்படி வெளிவந்த மூடிகள் 2,100 கோடிக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் அபராதம் என்று கணக்குப் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், எண் பொய்தான், ஆனால் ஏமாற்றும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டுவிட்டது. மறுவருடம் அமெரிக்கா சட்டத்தையே திருத்தி, முன்பு உண்மையாக இருந்து முடிந்துபோன எண் கிடப்பது குற்றமில்லை என்றாக்கியது. எப்போதும் இல்லாத உரிமையை இருப்பதாகப் போடுவது வேறு விஷயம். பல நாடுகளில் அது தண்டனைக்குரியது.

கேள்வி: பிரிண்டருக்கு வேறு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் போட்டேன். கடைக்காரர் ‘இது காப்புரிமை மீறல், வாரண்டி போய்விடும்’ என்று பயமுறுத்துகிறார். நிஜமா?

பதில்: இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் குழப்புகிறார்.

உரிமையாளர் ஒரு பொருளை விற்றுவிட்டால், அந்தப் பொருளின் மேல் அவருடைய காப்புரிமைப் பிடி அதோடு முடிந்தது. இதை உரிமை தீர்ந்துபோதல் என்பார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017-ல் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில் இதை மிகத் தெளிவாகச் சொன்னது. ஒருமுறை மட்டும் பயன்படுத்து, காலியானதும் எங்களிடமே திருப்பிக் கொடு என்று நிபந்தனை போட்டுக் குறைந்த விலைக்கு விற்ற கார்ட்ரிட்ஜ்களை வேறொரு நிறுவனம் வாங்கி, மை நிரப்பி விற்றது. காப்புரிமையைக் காட்டி அதைத் தடுக்க முடியாது என்றது நீதிமன்றம். ஆக, அசல் கார்ட்ரிட்ஜில் மை நிரப்பியது என்றால் அந்தத் தீர்ப்புப்படி காப்புரிமைப் பிரச்சினை இல்லை. வேறு யாரோ புதிதாகவே வார்த்துச் செய்த கார்ட்ரிட்ஜ் என்றால் கதை வேறு. அதில் காப்புரிமை பெற்ற பாகம் இருந்தால் செய்தவருக்குச் சிக்கல் வரலாம்.

வாரண்டி என்பது நீங்களும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் தாளைப் படியுங்கள். கார்ட்ரிட்ஜால்தான் பழுது என்று காட்டாமல் மொத்தமாக மறுப்பதைச் சில நாடுகள் அனுமதிப்பதில்லை. உண்மையில் உங்களைத் தடுக்கப்போவது சட்டம் அல்ல, கார்ட்ரிட்ஜில் இருக்கும் சிப். மென்பொருள் புதுப்பிப்பு வந்த மறுநாள் பிரிண்டர் ‘அடையாளம் தெரியவில்லை’ என்று நின்றுவிடும். பிரிண்டர் வாங்கும் முன்பே அந்த மாடலுக்கு வெளிக் கார்ட்ரிட்ஜ் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்வதுதான் மிச்சம்.

கேள்வி: காப்புரிமை முடிந்தால் விலை விழும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: சில சமயம் பலன் உண்டு. உருகிய பிளாஸ்டிக்கை நூலாகப் பிழிந்து அடுக்கும் முப்பரிமாண அச்சு முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-ல் விண்ணப்பித்தார். இருபது வருடம் கழித்து 2009-ல் அது முடிந்ததும் வீட்டில் வைக்கும் மலிவான இயந்திரங்கள் வரிசையாக வந்தன. ஆனால் ஒரு பொருள் ஒரே காப்புரிமையில் நிற்பதில்லை. அச்சிடும் அறையைச் சூடாக வைத்திருக்கும் முறைக்கு இருந்த தனி உரிமை அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. அதனால் மலிவான இயந்திரங்களில் அந்த வசதி வரத் தாமதமானது.

ஜில்லெட் ரேஸர் கதை எனக்குப் பிடித்த உதாரணம். கைப்பிடியை மலிவாகக் கொடுத்து பிளேடில் சம்பாதித்தார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 1904-ல் கிடைத்த காப்புரிமை இருந்த வரை ரேஸரை 5 டாலருக்கு விற்றார்கள், அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. 1921-ல் உரிமை முடியும் தறுவாயில்தான் பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கினார்கள், கூடவே ‘மேம்படுத்தியது’ என்று புது மாடலைப் பழைய 5 டாலரிலேயே வைத்தார்கள். காத்திருந்தவருக்கு லாபம்தான், ஆனால் பழைய மாடலில்.

தினமும் தேவைப்படும் பொருளுக்கு வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆசைக்கு வாங்கும் பொருள் என்றால், விண்ணப்பத் தேதியோடு, இப்போது காப்புரிமைக்குப் பொதுவாக உள்ள காலமான இருபது வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் முடிகிறது என்றால் பொறுக்கலாம்.

கேள்வி: அசல் போலவே இருக்கும் போலி மின்பலகை (நின்றபடி ஓட்டும் இரு சக்கர ஹோவர்போர்டு) வாங்கிவிட்டேன். என் மேல் வழக்கு வருமா?

பதில்: சொந்த உபயோகத்துக்கு வாங்கியவரைப் பல ஐரோப்பியச் சட்டங்கள் விலக்கியே வைத்திருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தில் பயன்படுத்துவதும் மீறல்தான் என்றாலும், உரிமையாளர்கள் துரத்துவது தயாரிப்பவரையும் இறக்குமதியாளரையும்தான். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கத்தில் பறிபோகலாம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பேட்டரிக்காக. 2016 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்பலகைகளைத் திரும்பப் பெற்றார்கள். காரணம் லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிப்பது. காப்புரிமைச் சண்டை நடந்ததோ, இரு கால் பலகைகளும் தனித்தனியே சாய்கிற அமைப்பைப் பற்றி. தீயைப் பற்றி அந்தத் தாள்களில் தேடிப் பயனில்லை. யுஎல் 2272 என்ற பாதுகாப்புத் தரம் அந்த வருடம்தான் வந்தது; அந்த முத்திரை உண்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம்.

கேள்வி: அரைக்கும் இயந்திரத்தின் இணைப்புப் பாகம் உடைந்துவிட்டது. செய்த நிறுவனம் மூடிவிட்டது. பாகத்தில் காப்புரிமை எண் இருக்கிறது. அளவெடுத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டுக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அந்த எண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். காப்புரிமையைத் தக்கவைக்கப் பெரும்பாலான நாடுகளில் அவ்வப்போது கட்டணம் கட்ட வேண்டும். மூடிய நிறுவனம் கட்டாமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். வேறொருவர் வாங்கி வைத்திருக்கவும் கூடும்.

உயிரோடு இருந்தால், உரிமை பாகத்துக்கா, மொத்த அமைப்புக்கா என்பது முக்கியம். மடக்கும் கூரை வைத்த கார்களில் துணி கிழிந்து மாற்றியதைப் பற்றி 1961-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. காப்புரிமை கூரை அமைப்பு முழுவதற்கும் இருந்தது, துணிக்குத் தனியாக இல்லை. துணியை மாற்றுவது பழுதுபார்ப்பு, புதிதாகச் செய்வது அல்ல என்று தீர்ப்பு. பிரிட்டனில் 2013-ல் இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் பெரிய திரவத் தொட்டியின் உள் பாட்டிலை மாற்றிய வழக்கிலும் ஏறக்குறைய இதே முடிவு. பாகத்துக்கே தனி உரிமை இருந்தால் இந்த வாதம் நிற்காது.

அப்புறம், அச்சிடப் பயன்படும் சாதாரண பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகிவிடும். மோட்டார் பக்கத்தில் இருக்கும் பாகத்துக்கு நைலான் மாதிரி ஏதாவது கேளுங்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அளவெடுக்க அவைதான் வேண்டும்.