ஓசூரில் யாரையும் தெரியாமல் இன்டர்ன்ஷிப் வாங்க முடியுமா?

பர்கூரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், கம்பெனிகளில் ஆள் பழக்கம் இல்லை, இன்டர்ன்ஷிப் எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சிபாரிசு இல்லாமலேயே கிடைக்கும், தாராளமாகத் தேடுங்கள்.

பலரும் டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டனுக்கு மட்டும் மெயில் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அங்கே போட்டி அதிகம். ஆனால் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சின்ன யூனிட்டுகள் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி நிறைய இருக்கின்றன, அங்கே போனால் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சிஎன்சி மெஷின் பக்கத்திலேயே நின்று, டிராயிங்கைப் பார்த்து, வெர்னியர் அளவுகோலில் அளந்து, ஒரு பீஸ் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று ஆபரேட்டர் அண்ணனிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் முதல் இன்டர்ன்ஷிப்புக்கு அதுதான் நல்லது.

லீவுக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். துறைத் தலைவரிடம் தேதி குறிப்பிட்ட அனுமதிக் கடிதம், அந்தக் கல்லூரி மாணவர்தான் என்று காட்டும் போனஃபைடு சான்றிதழ் இரண்டும் வாங்கி, ஒரு பக்க ரெஸ்யூமேயோடு நேரிலேயே போய் ஹெச்ஆரைப் பாருங்கள். கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடாவிட்டால் ஹெச்ஆர் மெயில் ஐடியாவது கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்துப் போன் செய்யுங்கள். மெயிலில் எந்தப் பிரிவில், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று தெளிவாக எழுதுங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் இன்டர்ன்ஷிப் போர்ட்டலிலும் பதிந்து வையுங்கள்.

அப்புறம், பணம் கட்டினால் சர்டிபிகேட் தருகிறேன் என்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். இன்டர்வியூவில் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமே இருக்காது.