யூரியா மலிவு தான், கிழங்கு எங்க? சேலம் விவசாயிங்க கேள்வி, நம்ம பதில்

ஆத்தூர் பக்கம் மரவள்ளியும் மாடும் வச்சு பொழைக்கற ஆளுங்க நானு. உரம், தீவனம், தண்ணி செலவு பத்தி கேட்டவங்களுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

தலைவாசல் தம்பி: அண்ணே, யூரியா மூட்டை 266 ரூபா 50 பைசா தான, மரவள்ளிக்கு எக்ஸ்ட்ரா ரெண்டு மூட்டை போட்டா என்ன கெட்டுப் போகும்?

நானும் இப்படி நெனச்சவன் தான் தம்பி. முத மூட்டை நல்லா சம்பாதிச்சு குடுக்கும், அடுத்தது கொஞ்சம் குடுக்கும், அதுக்கு மேல கொட்டறது எல்லாம் இலையா தான் போகும். ஒரு வருஷம் ஆசைப்பட்டு கொட்டினேன், செடி ஆள் உசரம் தாண்டி உள்ள நுழைஞ்சா வெயிலே தெரியாது, ரோட்டுல போறவன் எல்லாம் காடு செமன்னு சொல்லிட்டு போனான், புடுங்கினா கிழங்கு விரல் மொத்தம். சேகோ (ஜவ்வரிசி) மில்லுல பாயிண்ட், அதாவது கிழங்குல மாவு எவ்ளோன்னு, பாத்தப்ப பேச்சே வரல. கிழங்கு பெருத்து மாவு ஏறணும்னா பொட்டாஷ் வேணும், நம்மாளுங்க விலை ஜாஸ்தின்னு அதைத்தான் முதல்ல வெட்டறாங்க.

ஏத்தாப்பூர்ல இருந்து: மாவுப்பூச்சிக்கு மூணு தடவ மருந்து அடிச்சாச்சுங்க, நிக்கல.

நிக்காதுங்க. மருந்து, மாவுப்பூச்சிய திங்கற நல்ல பூச்சியவும் சேர்த்து கொல்லுது. உங்க ஊர் ஆராய்ச்சி நிலையத்துல தான 2022ல ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டாந்த, மாவுப்பூச்சிய அழிக்கற ஒட்டுண்ணி குளவிய விட்டாங்க! போய் கேளுங்க. நுனி சுருண்டத உடைச்சு எரிச்சிருங்க, அடுத்த நடவுக்கு பூச்சி இல்லாத சுத்தமான கரணை (நடற குச்சி) பாத்து எடுங்க.

மேச்சேரி அக்கா: மாடு 8 லிட்டர் கறக்குது, 7 கிலோ கலப்பு தீவனம் வைக்கறேன், கிலோ 32 ரூபா. கையில ஒண்ணும் நிக்கல தம்பி.

எப்படி நிக்கும்க்கா? மாட்டு உடம்புக்கு ஒண்ணரை கிலோ, அப்புறம் ரெண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ, அவ்ளோ தான் கணக்கு. 8 லிட்டருக்கு 4 கிலோ 700 கிராம் போதும். மிச்சம் 2 கிலோ 300 கிராம், தினம் 70 ரூபாக்கு மேல சாணியா போகுது. நாளைக்கு காலையில கொஞ்சம் சாணிய பக்கெட்டுல கரைச்சு சல்லடையில ஊத்தி பாருங்க, மக்காச்சோளம் அரையும் குறையுமா நிக்கும். பசுந்தீவனம், அதுவும் அகத்தியோ வேலிமசாலோ இருந்தா இன்னும் குறைக்கலாம். தாது உப்பு மட்டும் விடாதீங்க.

ஏற்காடு எஸ்டேட்காரர்: காபிக்கு வருஷா வருஷம் உரம் ஏத்தறேன், மகசூல் அதே தான்.

மலை மண்ணு புளிப்புங்க, போடற மணிச்சத்த (பாஸ்பரஸ்) மண்ணே புடிச்சு வச்சுக்கும். மண் டெஸ்ட் பண்ணி சுண்ணாம்போ டோலமைட்டோ முதல்ல போடுங்க, யூரியாவ அது கூட கலக்காம மூணு வாரம் கழிச்சு போடுங்க.

எடப்பாடி: கரண்ட் ஃப்ரீ, சொட்டு நீர் எதுக்கு?

கரண்ட் ஃப்ரீன்னு பாய்ச்சற தண்ணியோட உரமும் தான வேருக்கு கீழ இறங்குது. அஞ்சு ஏக்கருக்குள்ளன்னா 100 சதவீதம் மானியம், சிறு குறு விவசாயி சான்று வாங்கிட்டு போங்க.

மறுபடி மேச்சேரி அக்கா: கரைச்சு பாத்தேன் தம்பி, கைப்பிடி சோளம்! இன்னிக்கே குறைச்சிரட்டா?

ஒரேடியா வேண்டாம்க்கா. அரைக் கிலோ குறைங்க, அஞ்சு நாள் பால நோட்டுல எழுதுங்க, குறையலன்னா இன்னொரு அரைக் கிலோ. சினை ஏழு மாசம் தாண்டியிருந்தா மட்டும் கை வைக்காதீங்க, கன்னுக்கு சேர்த்து திங்குது அது.