முதல் சுற்றிலேயே சாம்பியன் வந்து நின்றால்

தம்பி, மாவட்டக் குத்துச்சண்டையில் முதல் ஆட்டமே போன வருட சாம்பியனோடு, அதுவும் இடது கைக்காரர், நினைத்தாலே கை நடுங்குகிறது, தூக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நடுக்கம் அட்ரினலின் வேலை. அவருக்கும் அதே உடம்புதான்.

அவருடைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பட்டத்தை மறந்துவிட்டு அவர் காலைக் கவனியுங்கள். இடது கைக்காரர் வலது காலை முன்வைத்து நிற்பார். உங்கள் இடது கால் அதற்கு வெளிப்பக்கம் இருக்கட்டும். உங்கள் வலது நேர்குத்துக்கு வழி திறக்கும், அவருடைய இடது கைக்கு நீங்கள் எளிதில் கிடைக்க மாட்டீர்கள். கிளப்பில் இடது கைக்காரர் யாராவது இருந்தால் இந்த வாரம் அவரோடேயே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்யுங்கள். பாதி பயம் அங்கேயே கரைந்துவிடும்.

1990 பிப்ரவரி, டோக்கியோ. அப்போதைய உலக ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசன் தோற்பார் என்று அநேகமாக யாரும் நினைக்கவில்லை. அவரை எதிர்த்த பஸ்டர் டக்ளஸ் ஆரம்பத்திலிருந்தே ஜாப் (முன் கையால் விடும் வேகமான நேர்குத்து) போட்டுத் தூரத்தைத் தன் பிடியில் வைத்துக்கொண்டார். எட்டாவது சுற்றில் விழுந்து எழுந்தவர், பத்தாவதில் டைசனை வீழ்த்தினார்.

அப்புறம், வியர்க்கும்வரை வார்ம்-அப் செய்துவிட்டு ரிங்கில் ஏறுங்கள். முதல் அரை நிமிடத்துக்கு மட்டும் திட்டம் போதும்: ஜாப், கால் வெளியே, மறுபடி ஜாப். மணி அடித்தபின் யோசிக்க நேரமிருக்காது. ஒரு நிமிட இடைவேளையில் மூச்சை நீளமாக விடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்லும்படி கோச்சிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.